ரப்பருக்கு அரிசி: அமெரிக்கத் தடையை மீறி இலங்கை போட்ட ஒப்பந்தம்

1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) ஒரு வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டன. இலங்கை ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் தரும். சீனா ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி தரும். ஐந்து ஆண்டுகளுக்கு இது நடக்கும். வாசித்தால் சாதாரணப் பண்டமாற்று போலத்தான் தெரியும். ஆனால் அதே நாட்களில் கொரியாவில் சீனப் படையும் அமெரிக்கப் படையும் நேருக்கு நேர் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. போருக்கு உதவும் சரக்கு எதுவும் சீனாவுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று அமெரிக்கா உலகம் முழுக்க வலை விரித்திருந்தது. தடுக்கப்பட்ட சரக்குகளில் ரப்பர் முக்கியமானது.

பனிப்போர் என்றால் நம் பத்திரிகைகளில் பெர்லின், கியூபா, வியட்நாம் என்றே பேச்சு ஓடும். நம் வாசலுக்கு எதிரே நடந்த இந்த நிகழ்வை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது அந்த மூன்றுக்கும் குறையாத பாடமாகத் தெரிகிறது. கம்யூனிசம் பரவாமல் தடுக்க அமெரிக்கா போட்ட பெரிய திட்டம் இங்கே உடைந்தது. உடைத்தது கம்யூனிஸ்டுகள் அல்ல. கம்யூனிச எதிர்ப்பிலேயே ஊறிய ஓர் அரசு, மக்களுக்கு அரிசி இல்லாமல் போய்விடும் என்ற நிலையில் அதை உடைத்தது. வாஷிங்டன் கொஞ்சம் மனது வைத்திருந்தால் உடையாமலே இருந்திருக்கும் என்பது என் கருத்து.

எந்தப் பக்கம் நின்ற நாடு

அன்றைய இலங்கையை யாரும் சிவப்புச் சாயம் என்று சொல்ல முடியாது. ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் கட்டுநாயக்காவில் பிரிட்டிஷ் விமானத் தளமும் இருந்தன. ஆசியாவில் வறுமையைப் பிடித்துக்கொண்டு கம்யூனிசம் வளர்ந்துவிடக் கூடாது என்ற கவலையோடு பிறந்த கொழும்புத் திட்டம், பெயருக்கேற்ப 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய மாநாட்டில்தான் உருவானது. 1951இல் அமெரிக்காவின் குரல் ஒலிபரப்பை இலங்கை வானொலி வழியாக அஞ்சல் செய்ய உடன்பாடு ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடனான சமாதான உடன்படிக்கை மாநாடு நடந்தபோது, சோவியத் எதிர்ப்பையும் மீறி உடன்படிக்கையை ஆதரித்துப் பேசி அமெரிக்கர்களின் கைதட்டலை வாங்கியவர் இலங்கையின் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன. வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தர் வாக்கை அவர் எடுத்துச் சொன்னது அங்கேதான்.

இத்தனையும் செய்த நாடு ஓராண்டு கழித்து மாவோவின் சீனாவுடன் ஒப்பந்தம் போடுகிறது. அதுவும் முறையான தூதரக உறவுகூட இல்லாமல். சீன அரசை 1950 ஜனவரியிலேயே இலங்கை அங்கீகரித்திருந்தது. ஆனால் தூதரக உறவு ஏற்பட்டது 1957இல்தான்.

வலை எப்படி விரிந்தது

1947 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் காங்கிரசில் நின்று கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டதில் இருந்து கம்யூனிசத்தைத் தடுக்கும் இந்தக் கொள்கையைத் தொடங்குவது வழக்கம். ஐரோப்பாவில் அதன் முக்கிய ஆயுதம் பணம். போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா நிதி கொடுத்த மார்ஷல் திட்டம் அப்படித்தான் வேலை செய்தது. 1949 அக்டோபரில் சீனா செங்கொடி ஏற்றியதும், 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும், அந்த ஆண்டின் இறுதிக்குள் சீனப் படைகள் போரில் இறங்கியதும் ஆசியாவுக்கான கணக்கை மாற்றின. இங்கே முன்னுக்கு வந்த ஆயுதம் வணிகத் தடை.

1951 மே 18இல் ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. ஆயுதம், பெட்ரோலியம், போர்க்கருவி செய்ய உதவும் பொருட்கள் எதையும் சீனாவுக்கு அனுப்பாதீர்கள் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மலாயாவில் இருந்து சீனாவுக்கு ரப்பர் போவது நின்றது. அப்புறம் அக்டோபரில் அமெரிக்கா தனக்கென ஒரு சட்டம் போட்டது. அதைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயரால் பேட்டில் சட்டம் என்பார்கள். தடைசெய்த சரக்கைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம்.

ஐ.நா. தீர்மானம் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. காரணம் எளிது, இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. உறுப்புரிமை கேட்டபோது, பிரிட்டிஷ் தளங்கள் இருக்கும் நாட்டை உண்மையான சுதந்திர நாடாக ஏற்க முடியாது என்று சொல்லி சோவியத் யூனியன் தடுப்புரிமையைப் பயன்படுத்தியிருந்தது. 1955 டிசம்பர் வரை இலங்கை வெளியேதான் நின்றது. சோவியத் போட்ட முட்டுக்கட்டையால், சீனாவுக்கு எதிரான தடையில் இருந்து இலங்கைக்கு சட்டப்படி விலக்கு கிடைத்துவிட்டது.

ஒரு ரப்பர் ஷீட்

விற்ற சரக்கு என்ன என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ஈரமான மலையடிவாரங்களில் விடியுமுன்னே பால் வெட்டுத் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். மரத்தைச் சுற்றிச் சரிவாகப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டு அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும். மேலோட்டமாக விட்டால் பால் வராது. காடி வழியே வழியும் வெள்ளைப் பால் சிரட்டையில் சொட்டும். சில மணி நேரத்தில் அதை வாளியில் சேர்த்து, தொட்டியில் ஊற்றி, தண்ணீரும் அமிலமும் கலந்து உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை உருளை இயந்திரத்தில் விட்டுத் தட்டையாக்கி, கடைசி உருளையில் வரி வரியாகக் கோடு பதித்து, புகை போடும் அறையில் சில நாள் தொங்கவிட்டால் பழுப்பு நிற ஷீட் கிடைக்கும். மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பலருக்கு அன்றைய கூலியும் இல்லை.

இந்த ஷீட்தான் லாரி டயர் ஆகிறது, விமான டயர் ஆகிறது. அமெரிக்கர்கள் பதறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொரியாவில் 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். எதிரியின் லாரி ஓடுவதற்கு நட்பு நாடு ஒன்று ரப்பர் விற்றால் எந்த நாட்டுக்கும் வயிறு எரியும்.

ஆனால் இலங்கைக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. 1942இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் விழுந்தபோது, நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை ரப்பரின் பெரும்பகுதி இலங்கையில் இருந்துதான் போனது. கட்டுப்படுத்திய விலைக்குப் போனது. போருக்காக மரங்களை நாசமாகும் அளவுக்கு வெட்டிப் பால் எடுத்தார்கள். போர் முடிந்தபோது தீவில் களைத்துப்போன கிழட்டு மரங்கள் மிஞ்சின. அதே போர்க்காலத்தில் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டி எழுப்பிவிட்டது. போரில் கைகொடுத்தவனுக்குப் போருக்குப் பின் சந்தையில் போட்டியாளன்தான் கிடைத்தான்.

1952: ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் ஏற்றம்

தேயிலை, ரப்பர், தேங்காய். இந்த மூன்றையும் விற்ற காசில்தான் தீவு சோறு சாப்பிட்டது. தேவையான அரிசியில் பாதி அளவு கப்பலில் வந்தது, பெரும்பாலும் பர்மாவில் இருந்தும் தாய்லாந்தில் இருந்தும். அரசு அதை வாங்கி நட்டத்துக்குப் பங்கீட்டில் கொடுத்தது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி, கொத்து என்ற இலங்கை அளவு ஒன்றுக்கு 25 சதம். நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த விலை, எந்த அரசும் தொட அஞ்சிய விலை.

கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. இலங்கையின் கஜானா நிரம்பியது. 1951இல் அமெரிக்க அரசு, தன் நாட்டுக்கான இயற்கை ரப்பரை வாங்கும் ஒரே கொள்முதல்காரனாகத் தானே மாறி விலையை அடக்கியது. 1952 இறுதிக்குள் ரப்பர் விலை உச்சத்தில் இருந்து பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதே ஆண்டு அரிசி விலை எகிறியது. காசு கொடுத்தாலும் போதிய அரிசி கிடைக்கவில்லை. மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலிமுகத் திடலில் குதிரையில் இருந்து விழுந்து இறந்தார். மகன் டட்லி பதவியேற்று மே மாதத் தேர்தலில் வென்றார். வென்ற கையோடு அவர் முன்னால் வந்து நின்றது இந்த நெருக்கடி.

முதலில் போன இடம் வாஷிங்டன்தான். அரிசி வேண்டும், ரப்பருக்கு நிலையான நியாய விலை வேண்டும், இலங்கை அமைச்சர் சர் ஒலிவர் குணதிலக்க போய்க் கேட்டது இதைத்தான். அமெரிக்கா சந்தை விலையைப் பேசியது. அரிசியைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், ரப்பரையும் சந்தை விலைக்குத் தருவதென்றால் வாங்குகிறோம் என்றது. சந்தை விலைதான் கழுத்தை நெரிக்கிறது என்று சொல்லி வந்தவனிடம் சந்தை விலையையே நீட்டினார்கள்.

இந்த இடம்தான் இந்த வழக்கின் முடிச்சு என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் கம்யூனிசத்தை நிறுத்தக் கோடி கோடியாக டாலர் கொட்டிய அரசு, ஆசியாவில் எண்பது லட்சம் பேர் வாழும் ஒரு தீவின் அரிசிக் கணக்கை வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தது. தடையை மதி என்று கேட்கும்போது அது அரசியல், விலை பேசும்போது அது வியாபாரம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நண்பனை எத்தனை நாள் பிடித்துவைக்க முடியும்?

பீக்கிங்கில் கிடைத்தது

வணிக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க, பிரதமருக்கு நெருங்கிய உறவு முறை, தூதுக்குழுவோடு பீக்கிங் போனார். அக்டோபரில் முதல் உடன்பாடு ஆயிற்று: உடனடித் தேவைக்கு 80,000 டன் அரிசி. டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம்.

சீனாவும் நெருக்கடியில்தான் இருந்தது. மலாயாக் கதவு மூடியிருக்க, அதன் தொழிற்சாலைக்கும் படைக்கும் ரப்பர் வேண்டும். ஹைனான் தீவில் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் ரப்பர் கன்று பால் தரும் மரமாக ஆறேழு ஆண்டு ஆகும். ஆகவே சந்தையை விடக் கூடுதலாக ரப்பருக்கு விலை கொடுத்தார்கள். அரிசியையும் அன்று மற்ற இடங்களில் கேட்ட விலையை விடக் குறைவாகத் தந்தார்கள். இலங்கை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டன் ரப்பர் விளைவித்தது. அதில் பாதிக்கு ஒரே கையில் உறுதியான வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

அந்தக் கூடுதல் விலை சீனாவின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடை இல்லாவிட்டால் சீனா சிங்கப்பூரில் வாங்கியிருக்கும். எல்லோரும் தடைக்குக் கட்டுப்பட்டதால்தான் கட்டுப்படாத ஒருவரின் ரப்பருக்கு அவ்வளவு மதிப்பு வந்தது. தடையின் பிடி இறுக இறுக, அதை மீறுவதற்கான கூலியை அந்தத் தடையே ஏற்றிவிட்டது.

தண்டனை, அப்புறம் குழப்பம்

பேட்டில் சட்டம் பாய்ந்தது. 1956 வரை அமெரிக்கப் பொருளாதார உதவி இலங்கைக்கு வரவில்லை. ஆனால் அதற்கு மேல் இறுக்க வாஷிங்டனால் முடியவில்லை. அழுத்தினால் டட்லியின் அரசு சாயும், அடுத்து வரிசையில் நிற்பது இடதுசாரிகளான லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும். கம்யூனிசத்தைத் தடுக்க வந்த கொள்கையே கம்யூனிஸ்டுகளுக்கு வழிவிடும் நிலை. இந்தச் சிக்கலில் இருந்து அமெரிக்கக் கொள்கை வெளியே வரவில்லை.

ஒப்பந்தத்தால் இலங்கை சீனப் பக்கம் சாய்ந்ததா என்றால், இல்லை. அதுதான் இதில் மிக முக்கியமான சான்று. 1953 அக்டோபரில் பிரதமரான சர் ஜோன் கொத்தலாவல கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே முகம் சுளிப்பவர். 1954இல் இந்தோசீனப் போருக்கு பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் தன் நாட்டில் இறங்கிச் செல்ல இடம் கொடுத்தவர். 1955இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில் சீனப் பிரதமர் சூ என்லாய் இருக்கும் சபையிலேயே, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நடத்துவதும் காலனியாட்சிதானே என்று கேட்டுப் பரபரப்பைக் கிளப்பியவர். அவர் காலத்திலும் ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. அரிசி வாங்கினால் சித்தாந்தமும் கூடவே வந்துவிடும் என்ற பயத்துக்கு இலங்கையில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அதே சமயம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று எழுதுவதும் தவறு. சீன அரிசி வந்தும், மானியச் சுமையை அரசு தாங்கவில்லை. 1953 ஜூலையில் கூப்பன் அரிசி விலை 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. ஆகஸ்ட் 12இல் இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தால் மேற்கு, தெற்குக் கடலோரங்களை நிறுத்திவைத்தது. ரயில் பாதைகள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூடியது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். ஒரு கொத்து அரிசிக்கு 45 சதம் ஏறியதற்கு ஒரு பிரதமரே போக வேண்டி வந்தது. சீனாவோடு ஒப்பந்தம் போடாமல் அமெரிக்கா சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த ஆகஸ்ட் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பால் வெட்டியவர்கள்

இத்தனை பேச்சிலும் பெயரே வராத ஒரு கூட்டம் உண்டு. சிறுதோட்டங்களில் சிங்களக் கிராமத்தவர்களும் பால் வெட்டினார்கள். பெருந்தோட்டங்களில் வெட்டியவர்களில் பெரும் பங்கு, தமிழ்நாட்டில் இருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் தங்கள் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசுக்கும் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின் வாக்குரிமையும் போயிற்று. ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் நாடற்றவர் ஆனார்கள். தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போகும் என்ற அச்சம் அந்தச் சட்டத்தின் காரணங்களில் ஒன்று. கம்யூனிசத்தைத் தடுக்கும் கொள்கை உள்நாட்டில் எடுத்த வடிவம் இது. அமெரிக்கா கேட்காமலே செய்யப்பட்டது.

1952இல், ரப்பர் பேரத்துக்கு அமைச்சர்கள் கடல் கடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், தோட்டத் தமிழர்களின் தலைவர்கள் குடியுரிமை கேட்டுப் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் சத்தியாகிரகம் இருந்தார்கள். பதில் கிடைக்கவில்லை. அந்தக் கைகள் வெட்டிய பாலுக்குக் கம்யூனிஸ்ட் சீனா கூடுதல் விலை கொடுத்தது. அந்தக் கைகளுக்கு உரிய வாக்கைக் கம்யூனிசத்தின் பேரைச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒப்பந்தத்தைச் சிறு நாட்டின் துணிச்சலுக்கு உதாரணமாகப் பாராட்டும் கட்டுரைகள் நிறைய உண்டு. துணிச்சல்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

பிறகு நடந்தவை

1956இல் மலாயா ரப்பர் மறுபடி சீனாவுக்குப் போக பிரிட்டன் அனுமதித்தது. அடுத்த ஆண்டு, சோவியத் நாடுகளுக்கு இருந்ததை விடக் கடுமையாகச் சீனாவுக்கு வைத்திருந்த தனிப் பட்டியலையே பிரிட்டன் கைவிட்டது. அப்படி வலை கிழிந்ததும் இலங்கைக்குக் கிடைத்த கூடுதல் விலைக்கும் அடிப்படை போயிற்று. 1957இல் அப்போதைய பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ரப்பருக்குச் சந்தை விலைதான். அதற்கு ஈடாக, கிழட்டு மரங்களை அகற்றி மறுநடவு செய்ய சீனா தனியாக நிதியுதவி தந்தது. அமெரிக்க உதவியும் 1956இலேயே திரும்பி வந்திருந்தது, இலங்கை சீனாவுக்கு ரப்பர் விற்பதை நிறுத்தாத நிலையிலேயே.

ஒப்பந்தம் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு 1980களின் தொடக்கம் வரை நீடித்தது. ஹைனானில் நட்ட கன்றுகள் அதற்குள் வளர்ந்து பால் தந்துவிட்டன. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைப்படி தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தமிழ்நாடு அரசு கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தது. இலங்கையிலேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல்.